ஒரு படகுக்கு இரண்டு துறைகள்

என் அண்ணி சமையலறையில் நின்றுகொண்டு "அதை எடு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மேல் தட்டுல, இடது ஓரத்துல, உயரமான கண்ணாடி சீசா, அதை எடு" என்பார். பச்சை மூடி என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். சொல்லமாட்டார். நிறத்தைச் சொல்லி வழிகாட்டுவது அவருக்கு ஆகாது.

"நிறம் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்பார்.

"அண்ணி, இந்த வீட்டுல இருக்கிறது நீங்க, நான், அண்ணன். மூணு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணன் இதில் எந்தப் பக்கமும் சேருவதில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாது என்பது அவன் கல்யாணமான மறுநாளே கற்றுக்கொண்ட பாடம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அண்ணியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் படகு விடுகிற நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். நான் கீழே டிக்கெட் கவுண்டர். அவர் மாடியில் உட்கார்ந்து நிறுவனத்தின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறார். எந்தப் படகு எத்தனை மணிக்கு, எந்தத் துறையிலிருந்து, இன்றைக்குக் காற்று எப்படி, படகு ஓடுமா ஓடாதா, எல்லாம் அவர் எழுதினால்தான் ஊருக்குத் தெரியும். நான் நாள் முழுக்க வாய் வலிக்கச் சொல்வதை அவர் ஒரே தடவை எழுதிப் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருக்கிறார் என்பது என் நீண்டநாள் புகார். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் ஒரு புகாராவது இருக்க வேண்டாமா?

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அண்ணி ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். பூ, கொடி, தங்க நிற ஓரம், எழுத்துக்கு வால், வாலுக்கு ஒரு சுழி. அந்தக் கை சும்மா இருக்குமா? படகு நிறுவனத்துக்கு அவர் முதலில் செய்து கொடுத்த பக்கத்தில் நீல அலைகள் அசைந்தன. ஒரு குட்டிப் படகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. படகு நேரங்கள் எல்லாம் ஒரே படமாக, பொடிப்பொடி அழகு எழுத்தில். எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் எனக்குப் பிடிக்கும்.

அது வெளிவந்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் பக்கத்தில் ஒன்பது 'இங்கே சொடுக்கவும்' இருக்கிறது. எங்கே?" அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

அண்ணி பதில் எழுதிக் கேட்டார். எழுதியவர் கண் தெரியாதவர். நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவர் தொழில். படம், நிறம், கட்டம் எதையும் எடுத்துக்கொள்ளாமல் எழுத்தை மட்டும் வரிவரியாகக் கொடுக்கிற ஒரு பிரவுசரைத்தான் அவர் பயன்படுத்துகிறார். அந்த எழுத்தை ஓர் இயந்திரக் குரல் அவருக்குப் படித்துச் சொல்லும். எங்கள் பக்கத்தை அது எப்படிப் படித்தது என்பதையும் எழுதியிருந்தார். படகு நேரம் இருக்க வேண்டிய இடத்தில் "புதுப்படம் கடைசி இரண்டு" என்று அந்தப் படக் கோப்பின் பெயரைப் படித்ததாம். அதற்கு முன்னால், நிறுவன வரலாறு, தலைவர் உரை, விருதுகள் என்று பக்கத்தின் தலையில் இருந்த இணைப்புகள் அத்தனையையும் ஒவ்வொரு தடவையும் ஒப்பித்ததாம். "படகு பிடிக்க வந்தவனைப் பொதுக்கூட்டத்தில் உட்கார வைக்கிறீர்கள்" என்று முடித்திருந்தார்.

வீட்டில் அவருக்குக் குற்றப்பத்திரிகை என்று பெயர் வைத்தது நான்தான்.

வேறொருத்தியாக இருந்தால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாள், அல்லது அந்த மின்னஞ்சலை அழித்திருப்பாள். அண்ணி அதே பிரவுசரைத் தன் கணினியில் போட்டுக்கொண்டார். கறுப்புச் சன்னல், அதில் வெள்ளை எழுத்து, வேறொன்றும் கிடையாது. அதில் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அலையும் இல்லை, படகும் இல்லை. சம்பந்தமில்லாத சொற்கள் மேலிருந்து கீழே வரிசையாகக் கிடந்தன. அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து என் கவுண்டருக்குப் பின்னால் நின்று, "பூராவும் மாத்தணும்" என்றார்.

மாற்றினார். நேரங்கள் படத்திலிருந்து எழுத்துக்கு வந்தன. தலைப்பை, இது தலைப்பு என்று இயந்திரக் குரலே சொல்லும்படி எழுதினார், வெறும் பெரிய எழுத்தாக அல்ல. "இங்கே" எல்லாம் போய், "அக்கரைப் படகு நேரங்கள்", "டிக்கெட் விலை" என்று எங்கே போகிறோமோ அந்த இடத்தின் பெயரே இணைப்பாக வந்தது. பக்கத்தின் முதல் வரியில் "நேராகப் படகு நேரத்துக்குப் போக" என்று ஒரு குறுக்கு வழி. தகவல் சொல்கிற படங்களுக்கு விவரம் எழுதினார். சும்மா அழகுக்கு இருக்கும் படங்களை இயந்திரக் குரல் தாண்டிப் போகும்படி விவரத்தைக் காலியாக விட்டார். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது.

"தலைவர் படத்துக்கு என்ன விவரம் எழுதியிருக்கீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒண்ணும் எழுதல சார். அலங்காரப் படத்துக்கு எழுத வேண்டியதில்ல."

மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா இதை வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் பக்கத்தை மாற்றினாலும் கறுப்புச் சன்னலில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படிக்காமல் அண்ணி வெளியிடுவதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அது போதாது என்று என்னையும் பிடித்துக்கொள்வார். "கண்ணை மூடு. நான் படிக்கிறேன். இப்ப சொல்லு, பத்தரைப் படகு எங்கேருந்து?" நான் சரியாகச் சொன்னால்தான் விடுவார். தேநீர் ஆறிப்போய்க் கிடக்கும்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு சேதி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் என்றைக்காவது ஒன்றை மாற்றி மற்றதை மறப்போம் என்பார். வீட்டிலும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருப்பதை வாயால் மறுபடி சொல்லமாட்டார். "ஒருதடவை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்று நானும் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

குற்றப்பத்திரிகை நின்றபாடில்லை. ஆனால் வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியாக ஒருநாள் "இன்று குறை இல்லை" என்று ஒரு வரி வந்தது. அண்ணி அதை எனக்கும் அண்ணனுக்கும் படித்துக் காட்டினார். பதக்கம் வாங்கின மாதிரி ஒரு வாரம் வளைய வந்தார். குற்றப்பத்திரிகையை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. செவ்வாய்தோறும் பத்தரைப் படகில் அக்கரை நீதிமன்றத்துக்குப் போகிறவர், ஒன்பது மணிக்கே எங்கள் பக்கத்தைக் கேட்டுவிடுகிறவர், இவ்வளவுதான் தெரியும். டிக்கெட்டை மாதத்துக்கு மொத்தமாக எடுத்துவிடுவதால் என் கவுண்டர் பக்கம் அவர் வந்ததும் கிடையாது.

ஆனைக்கும் அடிசறுக்கும் என்பார்கள். அண்ணிக்குச் சறுக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை.

பல்வலி. ஒரு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கி, அண்ணன் முதல்தடவையாகக் குரலை உயர்த்தி, ஒருவழியாக அன்று காலையில் பல் மருத்துவரிடம் போயிருந்தார். முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார்.

"வடக்குத் துறையில தரைப் பலகையைப் பேர்க்க ஆரம்பிச்சுட்டாங்கம்மா. நாளைக்கு வர வேண்டிய ஆளுங்க இன்னைக்கே வந்து நிக்கிறாங்க. பத்தரைப் படகைத் தெற்குத் துறைக்கு மாத்தணும். பழையதை அழிச்சிடாதீங்க. அதைக் கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல புதுசை எழுதுங்க. மாறியிருக்குன்னு ஜனங்க கண்ணுல படணும்."

நல்ல யோசனைதான். அண்ணிக்கும் அப்படித்தான் பட்டது. கைபேசியிலேயே பக்கத்தைத் திறந்து, வடக்குத் துறையை அடித்து, பக்கத்தில் தெற்குத் துறை என்று எழுதி, சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார். பளிச்சென்று தெரிந்தது. வெளியிட்டார். அப்போது மணி ஒன்பது ஆகவில்லை. ஒன்பதரைக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார்கள், போய் ஊசி போட்டுக்கொண்டார். அவர் கைபேசியில் அந்தக் கறுப்புச் சன்னல் கிடையாது.

இனி வருவது அவரே பிற்பாடு சொன்னது. வாய் மரத்துப்போய் நாற்காலியில் அண்ணாந்து கிடக்கிறார். மருத்துவர் கையில் கருவியோடு தயாராக நிற்கிறார். உதவியாளர் பெண் சீட்டைப் பார்த்து வாசிக்கிறாள்.

"மேல் வரிசை, வலது பக்கம், கடைசிப் பல்லு."

மருத்துவர் குனிகிறார்.

"ஐயோ, இல்ல டாக்டர்! அது அடிச்சிருக்கு. பக்கத்துல கீழ் வரிசைன்னு எழுதியிருக்கு."

அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். தப்பித்தது ஒரு நல்ல பல். ஆனால் அவருக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பெண் "அடிச்சிருக்கு" என்று வாயைத் திறந்து சொன்னதால்தான் மருத்துவருக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அதை யார் சொல்வார்கள்? கைபேசியில் அவர் அழுத்திய பொத்தான் கோட்டைப் பார்வைக்கு மட்டும்தான் போடும். கறுப்புச் சன்னலில் கோடு வராது. அடித்த வரியும் அடிக்காத வரி மாதிரியே வரும். வடக்குத் துறை, தெற்குத் துறை. கேட்கிறவர் முதலில் கேட்பது வடக்கை. இத்தனை வருஷமாகப் போய்ப் பழகியதும் வடக்கு. அங்கே இப்போது பலகை இல்லை, கீழே ஆறு.

"பயப்படாதீங்கம்மா, வலிக்காது" என்று மருத்துவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அண்ணி கைபேசியை எடுத்து வடக்குத் துறையை அழித்துவிட்டார். அழித்து என்ன? ஒன்பது மணிக்கே கேட்டவருக்குப் பத்து மணிக்கு அழித்தால் தெரியுமா? குற்றப்பத்திரிகையின் மின்னஞ்சல் முகவரிதான் இருக்கிறது, தொலைபேசி எண் இல்லை.

என்னைக் கூப்பிட்டார். மரத்த வாயிலிருந்து பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு சேதியை ஒருதடவைக்கு மேல் சொல்லாத அண்ணி! அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வடக்குத் துறை, பலகை இல்லை, அவர் வருவார், ஓடு.

கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கவுண்டர் இருக்கிற தெற்கிலிருந்து வடக்குக்குக் கரையோரமாக ஓடினால் நடுவில் சரக்குக் கிடங்கு, மீன் பெட்டிகள், கயிற்றுச் சுருள்கள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கக்கூட நான் திரும்பவில்லை.

வடக்குத் துறையில் ஆளே இல்லை. பேர்த்த பலகைகளை ஒருபக்கம் அடுக்கிவிட்டு வேலையாட்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். தடுப்பு என்று இருந்தது இடுப்புயரத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு சிவப்புத் துணி. கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தத் துணியும் தெரியாது, தடி கயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விடும். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தண்ணீர் சளப் சளப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் வெள்ளையாக என்னவோ மிதந்தது. மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். காலிப் பை.

"ஐயா! யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். தண்ணீர்தான் பதில் சொன்னது.

அதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்று அண்ணி இறங்கி ஓடி வந்தார். மருத்துவமனையில் கட்டிய காகிதத் துண்டு இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் படிச்சுப் பாக்கல" என்றார். "ஒரே ஒரு வரிதானேன்னு படிச்சுப் பாக்கல."

அண்ணியை நான் எத்தனையோ வார்த்தை பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கழுத்திலிருந்த காகிதத் துண்டை மட்டும் அவிழ்த்து எடுத்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்த வேலையாட்களிடம் கேட்டோம். தாங்கள் இருந்தவரை யாரும் வரவில்லை என்றார்கள். இல்லாதபோது வந்திருந்தால்? ஒருவர் தண்ணீரில் இறங்கிச் சட்டங்களுக்கு அடியில் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. போலீசுக்குச் சொல்வதானால் மேலாளரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அண்ணியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தேன்.

கவுண்டர் முன்னால் ஒரே கூச்சல். வரிசை வால் மாதிரி வளைந்து தெருவரைக்கும் போயிருந்தது. வரிசையின் தலையில், சன்னலுக்கு நேராக, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டு காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா ஆள் இல்ல இங்க? இதையும் எழுதித்தான் அனுப்பணும் போல."

கையில் வெள்ளைத் தடி.

அண்ணியின் கை என் தோளிலிருந்து நழுவியது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னால் அது குறைவு. போன உயிர் அந்த இடத்திலேயே திரும்பி வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"உங்களைத் தேடித்தான்யா போயிருந்தேன்! ஆத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு வரேன்!" என்று கத்தினேன்.

"என்னையா? ஆத்துலயா?" என்றார் அவர். "நான் எதுக்கு ஆத்துக்குப் போறேன்? சரி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பத்தரைப் படகு வடக்கா தெற்கா? உங்க பக்கத்துல ரெண்டும் இருக்கு."

"தெற்கு. வடக்குல பலகையை எடுத்துட்டாங்க."

"அப்படியா" என்றார் அவர். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "யாரு அங்க அழறது?"

"எழுதினவங்கதான். எங்க அண்ணி."

அண்ணி மரத்த வாயால் என்னவோ சொல்ல முயன்றார். மன்னிப்பு என்பது மட்டும் காதில் விழுந்தது.

"நீங்கதானா?" என்றார் அவர், குரல் வந்த பக்கம் திரும்பி. "அட, எதுக்குங்க மன்னிப்பு? வேற யாராவது எழுதியிருந்தா முதல்ல வந்ததை நம்பி நேரா வடக்குக்குத்தான் போயிருப்பேன். நீங்க எழுதுறதை இத்தனை வருஷமாக் கேக்குறேன். ஒரு சேதியை ரெண்டு இடத்துல சொல்ற ஆளா நீங்க? ஒரு படகுக்கு ரெண்டு துறைன்னு வந்ததும் புரிஞ்சுபோச்சு, ஏதோ அவசரத்துல கை தவறியிருக்குன்னு. அதான் ஆட்டோக்காரர்கிட்ட நேரா கவுண்டருக்கே விடச் சொன்னேன். இங்க வந்து பாத்தா ஆள் இல்ல!"

அண்ணி இன்னும் சத்தமாக அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். வரிசையிலிருந்த ஓர் அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பிடிவாதத்துக்காக நான் எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்! இனி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதை ஒருநாளும் வாயால் கேட்பதில்லை என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். அது இரண்டு நாள்தான் நின்றது, அது வேறு விஷயம்.

"இப்ப சரி பண்ணியாச்சு" என்றார் அண்ணி, சிரமப்பட்டு.

"நீங்க சொன்னா ஆச்சா? நான் கேக்க வேண்டாமா?" என்றார் குற்றப்பத்திரிகை. சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, காதுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டு, அங்கேயே நின்று கேட்டார். காதிலிருந்து கசிந்த குரல் எனக்கு ஒரு வண்டின் ரீங்காரமாகத்தான் கேட்டது. அவ்வளவு வேகம். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு வரியில் நிறுத்தி, அதே வரியை மறுபடி கேட்டார். அண்ணி மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெற்குத் துறை. ஒரே ஒரு தடவை" என்றார் அவர். "இன்று குறை இல்லை."

தடியைத் தட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தார். அண்ணி அவர் ஏறி உட்காரும்வரை அசையாமல் நின்றார். படகு கரையை விட்டு விலகியதும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. மீதிப் பாதிக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.